உங்களுக்குத் தெரியுமா? ஷிஃப்ட் முடிந்தும் ஓயாத ‘ங்கொய்’

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருட்டாலைகளில் ஆண்டுக்கணக்காக நின்று வேலை பார்ப்பவருக்கு, வீட்டில் ஃபேனை அணைத்த பிறகும் காதுக்குள் ‘ங்கொய்’ என்று ஒரு ஒலி கேட்கலாம். இதுதான் காது இரைச்சல். ஓயாத சத்தத்தில் உள்காதின் மயிரணுக்கள் சிதைகின்றன. வராத ஒலியை மூளை தானே இட்டு நிரப்புகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சிதைந்த அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை.

செவித்திறன் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதியில் தொடங்கும். அதனால் தொடக்கத்தில் பேச்சு நன்றாகவே கேட்கும். ‘எனக்குத்தான் காது கேட்குதே’ என்று பலர் தள்ளிப்போடுவதும் இதனால்தான். ஆடியோகிராம் என்னும் செவித்திறன் பதிவை எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஓயாத சத்தத்தால் வரும் செவித்திறன் குறைபாட்டைச் சட்டம் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. இதைத் தொழிலாளிக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் சங்கடம்.

காதில் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள், உள்காதுவரை அது போகவே போகாது. வெறும் குறும்பியும் சில மாத்திரைகளும்கூட இரைச்சலைக் கிளப்பும் என்பதால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நாடித் துடிப்போடு சேர்ந்து இரைந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள். சிகிச்சை நன்றாகப் பலிப்பது முதல் சில நாள்களில்தான்.