கரையில் எடுக்கப்படும் முடிவுகள்

கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் மாலை வேளையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும். அவை அசைவதாகவே தெரியாது. அதே நேரத்தில், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு விமானம் சாங்கியை நோக்கித் தாழ்ந்து பறந்து செல்லும். கப்பல் ஏன் அங்கே காத்திருக்கிறது? விமானம் ஏன் அப்படிக் காத்திருப்பதில்லை? இவற்றுக்கு விடை காணக் கற்றுத் தரும் பட்டப்படிப்புகள் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. ஒன்று கடல்துறை மேலாண்மை. மற்றொன்று விமானப் போக்குவரத்து மேலாண்மை.

இப்பெயர்களைக் கேட்டதும் வெள்ளைச் சீருடை அணிந்த கப்பல் தலைவரும் விமானியும்தான் பலருடைய மனத்தில் தோன்றுவார்கள். “உங்கள் மகன் கடல்துறை படிக்கிறானாமே, எப்போது கப்பலில் ஏறப் போகிறான்?” என்று உறவினர்கள் கேட்பதும் உண்டு. அவன் வேலைக்காக ஒருநாள்கூடக் கப்பலில் ஏறாமல் இருக்கலாம். கப்பலையும் விமானத்தையும் ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சிகளும் உரிமங்களும் உள்ளன. இந்தப் பட்டப்படிப்புகள் கற்றுத் தருவது வேறு. எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு எப்போது செல்ல வேண்டும், ஓர் இருக்கையை என்ன விலைக்கு விற்க வேண்டும், தாமதம் ஏற்பட்டால் அந்தச் செலவை யார் ஏற்பது என்பன போன்ற முடிவுகளைக் கரையில் இருந்துகொண்டு எடுப்பதற்கான படிப்பு இது.

விமானத்திலிருந்து தொடங்குவோம். ஒரு விமானத்தில் 180 இருக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று காலியாக இருக்கும்போதே விமானம் புறப்பட்டுவிட்டது. கடையில் விற்காத சட்டையை அடுத்த மாதம் தள்ளுபடி விலையில் விற்றுவிடலாம். பறந்துபோன இருக்கையை யாராலும் விற்க முடியாது. காலையில் விற்காத இட்லியையாவது மாலையில் உப்புமாவாக மாற்றலாம். இதற்கு அந்த வழியும் இல்லை!

ஆகவே, இருக்கைகளை எப்போது, என்ன விலைக்கு விற்பது என்பது பெரிய கேள்வியாகிறது. ஒரே ஓர் இருக்கை மிஞ்சியிருக்கிறது எனக் கொள்வோம். இன்று ஒருவர் அதை 100 வெள்ளிக்கு வாங்கத் தயாராக இருக்கிறார். கடைசி நேரத்தில் அவசர வேலையாகச் செல்பவர் எவரேனும் வந்தால், அவர் 300 வெள்ளி கொடுப்பார். ஆனால், அப்படி ஒருவர் வருவாரா என்பது தெரியாது. இன்றே விற்பதா, காத்திருப்பதா? அவர் வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் அதிகமாக இருந்தால் காத்திருக்கலாம்; குறைவாக இருந்தால் இன்றே விற்றுவிடுவது நல்லது. நீங்கள் கணிதப் பாடத்தில் படிக்கும் நிகழ்தகவுதான் இது. பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் 1972-ஆம் ஆண்டில் இதை ஒரு விதியாக எழுதிக் காட்டினார். ஒரே விமானத்தில் அருகருகே அமர்ந்திருக்கும் இருவர் வெவ்வேறு கட்டணம் செலுத்தியிருப்பதற்கு இத்தகைய கணக்கே அடிப்படை. இன்று அதைக் கணினிகள் செய்கின்றன. என்றாலும், பள்ளி விடுமுறை எப்போது வருகிறது, தீபாவளிக்கு எத்தனை பேர் ஊருக்குப் போவார்கள் என்பவற்றையெல்லாம் அறிந்து அந்தக் கணினிக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

கப்பலின் கணக்கு வேறு. அதனால் மெதுவாகச் செல்ல முடியும். சரக்குக் கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், ஒரு நாளைக்குச் செலவாகும் எரிபொருள் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. பயணம் சற்று நீளும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், முழுப் பயணத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிஞ்சும். அப்படியிருக்க, ஒரு கப்பல் முழு வேகத்தில் விரைந்து வந்து, துறைமுகத்தில் இடம் இல்லாமல் இரண்டு நாள் நங்கூரமிட்டு நிற்பது எவ்வளவு பெரிய வீண்செலவு! எரிபொருள் வீணாவதோடு காற்றும் மாசடைகிறது. துறைமுகத்தில் இடம் தயாராகும் நேரத்தை முன்கூட்டியே கப்பலுக்குத் தெரிவித்து, அதற்கேற்ப மெதுவாக வரச் செய்யும் முயற்சிகள் இப்போது நடைபெறுகின்றன. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் இது நடைமுறையில் கடினமானது. ‘குறித்த நாளுக்குள் வந்து சேர வேண்டும்’ என்று கப்பலின் வாடகை ஒப்பந்தம் சொன்னால், மெதுவாக வந்த கப்பல் தலைவரே குற்றவாளி ஆகிவிடுவார். அதனால்தான் கடல்துறை மாணவர்கள் சட்டமும் படிக்கிறார்கள்.

நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள் எல்லாம் வீணாக நிற்பவை அல்ல. சில கப்பல்கள் எரிபொருள் நிரப்புகின்றன. உலகிலேயே கப்பல்களுக்கு மிக அதிகமாக எரிபொருள் வழங்கும் துறைமுகம் சிங்கப்பூர்தான். வேறு சில, உணவுப்பொருள்களையும் உதிரிப்பாகங்களையும் ஏற்றிக்கொள்கின்றன. ஆனால், 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நின்ற கொள்கலன் கப்பல்களுள் பல, உண்மையாகவே இடத்திற்காகக் காத்திருந்தன.

அதற்குக் காரணம் சிங்கப்பூரில் இல்லை. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டன. அதனால், ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் சூயஸ் கால்வாயைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கின. பயணம் பத்து நாள் அளவுக்கு நீண்டது. அட்டவணைகள் குலைந்தன. தனித்தனியே வர வேண்டிய கப்பல்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. இழந்த நாள்களை ஈடுகட்ட விரும்பிய சில நிறுவனங்கள், அடுத்த துறைமுகங்களுக்குக் கொண்டுபோக வேண்டிய சரக்கையும் சிங்கப்பூரிலேயே இறக்கிவிட்டுச் சென்றன. ஒரு நிறுவனத்திற்கு அது புத்திசாலித்தனமான முடிவு. ஆனால், பல நிறுவனங்கள் ஒரே நேரத்தில் அதே முடிவை எடுத்தபோது துறைமுகத்தில் நெரிசல் மேலும் கூடியது. கொள்கலன் கப்பல்கள் சராசரியாக இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பயன்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருந்த கெப்பல் முனையத்தின் சில பகுதிகளைத் துறைமுக நிறுவனம் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டில் சிங்கப்பூர் கையாண்ட சரக்கு, இருபதடிக் கொள்கலன் கணக்கில் 41 மில்லியனைத் தாண்டியது.

எந்தப் பழைய முனையத்தைத் திறப்பது, எந்தக் கப்பலை முதலில் உள்ளே விடுவது, எந்தச் சரக்கை முதலில் இறக்குவது என்று அந்த மாதங்களில் முடிவெடுத்தவர்களுள் எவரும் கப்பலின் சக்கரத்தைப் பிடித்திருக்கவில்லை. அவர்கள் அலுவலகங்களில் அமர்ந்திருந்தார்கள்.

கப்பலையும் விமானத்தையும் ஏன் சேர்த்துப் பேசுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். உலக வணிகச் சரக்கின் அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கடல்வழியாகவே செல்கிறது. வான்வழிச் செல்வது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் பண மதிப்பில் பார்த்தால், அந்தச் சிறு அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. அரிசியும் இரும்பும் கப்பலில் போகும். மருந்தும் கணினிச் சில்லுகளும் விமானத்தில் போகும். ஒரு நிறுவனம் தன் பொருளை எதில் அனுப்புவது என்று முடிவுசெய்ய, இரண்டையும் அறிந்தவர்கள் தேவை.

இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்திருக்கின்றன என்பது 2020-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. மாலுமிகள் பல மாதங்கள் கப்பலில் வேலை செய்துவிட்டு, ஏதேனும் ஒரு துறைமுகத்தில் இறங்கி, விமானம் ஏறி வீட்டுக்குச் செல்வார்கள். அவர்களுக்குப் பதிலாக வருபவர்களும் விமானத்தில்தான் வருவார்கள். கொவிட்-19 பரவியபோது விமானங்கள் நின்றன. நாடுகள் எல்லைகளை மூடின. கப்பல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஆனால் மாலுமிகளால் இறங்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 400,000 மாலுமிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கப்பலிலேயே சிக்கியிருந்தார்கள். பிள்ளை பிறந்த செய்தியையும் பெற்றோர் இறந்த செய்தியையும் நடுக்கடலில் கேட்டவர்கள் அவர்களுள் இருந்திருப்பார்கள். கடல்துறைத் தொழிலாளர் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின்படி, ஒரு மாலுமியைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்களுக்குக் கப்பலில் வைத்திருக்கக் கூடாது. சட்டம் இருந்தது, அவர்களை ஏற்றிச்செல்ல விமானம்தான் இல்லை. சிங்கப்பூர், பரிசோதனை, தனிமைப்படுத்துதல் ஆகியவற்றுடன் மாலுமிகள் மாறிச் செல்வதற்கெனத் தனி நடைமுறையை வகுத்தது. நலத்துறை, குடிநுழைவுத்துறை, விமான நிறுவனம், கப்பல் நிறுவனம் என எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் பொருத்த வேண்டிய வேலை அது. இத்தகைய வேலைக்கு எண்களோடு மனிதரையும் புரிந்துகொண்டவர் தேவை.

இனி, இவற்றை எங்கே படிக்கலாம் என்று பார்ப்போம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2004-ஆம் ஆண்டில் கடல்துறைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. கப்பல் வணிகத்தில் நீண்ட அனுபவம் உடைய நார்வே நாட்டின் வணிகக் கல்லூரி ஒன்று அதற்குத் துணைநின்றது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் விமானப் போக்குவரத்து மேலாண்மைப் பட்டப்படிப்பை நடத்துகிறது. மலேசியாவில், கடலோரத்தில் அமைந்துள்ள திரங்கானுப் பல்கலைக்கழகத்தில் கடல்துறை மேலாண்மை கற்பிக்கப்படுகிறது. உயர்நிலைப்பள்ளியை முடித்தவுடன் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குச் செல்ல விரும்புவோர், தெமாசெக், ரிபப்ளிக் ஆகியவற்றில் விமானத்துறை மேலாண்மையையும், சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியின் கடல்துறைக் கழகத்தில் கடல்சார்ந்த பாடங்களையும் பட்டயப் படிப்பாகப் படிக்கலாம்.

பாடங்கள் பொருளியல், கணக்கியல், புள்ளியியல், சட்டம், காப்புறுதி, பாதுகாப்பு மேலாண்மை என்று விரியும். வேலைப்பயிற்சியும் உண்டு. என் கருத்தில், வகுப்பில் கற்பதைவிட மாணவர்கள் அந்த மாதங்களில் கற்பதே அதிகம். கடல் பிடிக்கும், விமானம் பிடிக்கும் என்பதற்காக மட்டும் ஒருவர் இவற்றில் சேர்ந்தால் முதல் பருவத்திலேயே சலிப்படைவார். பயணத்தைவிட அட்டவணைதான் இப்படிப்பில் அதிகம்.

வேலைவாய்ப்பு எப்போதும் ஒரே சீராக இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. சாங்கி விமான நிலையத்தைப் பயன்படுத்திய பயணிகள் 2019-இல் 68.3 மில்லியன் பேர், 2020-இல் 11.8 மில்லியன் பேர். அந்த ஆண்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் ஏறத்தாழ 4,300 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. பிறகு நிலைமை மாறி, 2024-இல் பயணிகளின் எண்ணிக்கை 67.7 மில்லியனாக உயர்ந்தது. கப்பல் கட்டணங்களும் இப்படியே ஏறி இறங்கும் இயல்புடையவை. உலகின் எந்த மூலையில் போர் மூண்டாலும் நோய் பரவினாலும் அதன் அதிர்வை முதலில் உணரும் துறைகள் இவை.

இன்னொரு செய்தியும் சிலருக்குப் பயன்படும். கப்பல் அதிகாரியாகவோ விமானியாகவோ ஆக விரும்புபவர் கடுமையான மருத்துவச் சோதனையில் தேற வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றலும் அதில் சோதிக்கப்படும். இரவில் கடலில் தெரியும் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் வைத்தே எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் செல்கிறது என்று அறிய வேண்டியிருப்பதால் அந்தச் சோதனை தேவைப்படுகிறது. அதில் தேறாததால் கடலையும் வானத்தையும் விட்டு விலக வேண்டுமோ என்று வருந்தும் மாணவர்கள் உண்டு. கரையில் இருந்து அந்தக் கப்பலின் வழியையும் நேரத்தையும் தீர்மானிக்கும் அலுவலக வேலைகள் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சோதனை தேவையில்லை.