இருமல் டானிக்கில் கரைந்திருப்பது எது?

தண்ணீரில் எளிதில் கரையாத மருந்தைக் கரைத்துக் கொடுக்க மருந்து உற்பத்தியாளர்கள் நாடும் கரைப்பான்களுள் ஒன்று புரோப்பிலீன் கிளைக்கால். லேசான இனிப்புடைய, நிறமற்ற இந்தத் திரவம் இருமல் டானிக்குகளிலும், வலிப்புக்குப் போடப்படும் சில ஊசி மருந்துகளிலும், தீக்காயத்துக்கான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பிலும் சேர்க்கப்படுவதால், பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் அச்சங்குளம் போன்ற ஊரில் ஒரே வீட்டு அலமாரியில் இரு வடிவங்களில் இது இருக்கக்கூடும்.

பெயரில் உறவு, குணத்தில் நஞ்சு

உரிய தூய்மையும் அளவும் உள்ளவரை இக்கரைப்பானால் தீங்கு அரிது. ஆலைப் பயன்பாட்டுக்கான டைஎத்திலீன் கிளைக்கால் இதில் கலந்துவிட்டாலோ இதற்கு மாற்றாகப் புகுந்துவிட்டாலோ சிறுநீரகம் செயலிழக்கும். 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அதே நஞ்சு, 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் டானிக்கில் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அனுமதிக்கப்படும் வரம்போ 0.1 விழுக்காடுதான். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதற்குப் பலியாயினர்.

தொடரும் தவறான நம்பிக்கைகள்

இனிப்பான டானிக் கெடுதல் செய்யாது என்பது முதல் தவறு, ஏனெனில் அந்த நஞ்சும் இனிக்கவே செய்யும். பெரியவர்களின் டானிக்கில் பாதியளவு குழந்தைக்குச் சரியாக இருக்கும் என்பதும், சென்ற ஆண்டுச் சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே புட்டியை வாங்கலாம் என்பதும், ஒரு மூடி போதாவிட்டால் இரண்டு மூடி கொடுக்கலாம் என்பதும் மருத்துவர்கள் எத்தனை முறை மறுத்தாலும் ஓயாதவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளே கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. சாதாரண இருமல் பெரும்பாலும் தானே அடங்கும். பட்டாசு ஆலைத் தூசியில் வேலை செய்பவர் தம் இருமலை மாதக்கணக்கில் டானிக்கால் அடக்கிவைப்பது ஆஸ்துமாவையும் காசநோயையும் மறைக்கும் வேலையே ஆகும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம்.

களிம்பும் அளவோடுதான்

தீக்காயத்தின் மீது பேனா மையும் பற்பசையும் மாவும் அப்பிக்கொண்டு வருவது இன்னும் நின்றபாடில்லை. உடனே செய்ய வேண்டியது, இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்டுவதுதான். சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை வீட்டிலேயே பரந்த காயத்தில் தடவினால், அதிலுள்ள கரைப்பான் வெந்த தோல் வழியே இரத்தத்தில் ஏறி அதன் அடர்த்தியைக் கூட்டக்கூடும் என்பதால், அதை மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும்.

காத்திருக்க வேண்டாம்

டானிக் குடித்த குழந்தை வாந்தி எடுத்து, சோர்ந்து, சிறுநீர் குறையத் தொடங்கினால், ஆலையில் வேலை முடியும்வரை காத்திராமல் அன்றே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள் என்று பெற்றோரிடம் மன்றாட வேண்டியிருக்கிறது; சிறுநீர் முற்றிலும் நின்ற பிறகு டயாலிசிஸ் செய்தும் பல குழந்தைகளைக் காப்பாற்ற முடிவதில்லை. மீதி டானிக்கைக் கொட்டிவிடாமல் புட்டியையும் தயவுசெய்து கையோடு எடுத்து வர வேண்டும், ஏனெனில் அதில் அச்சிட்ட தொகுதி எண்ணைக் கொண்டுதான் அதே சரக்கை மற்றக் கடைகளிலிருந்து அகற்ற முடியும்.