அமெரிக்கன் சைக்கோ: எல்லாம் அவன் கற்பனைதானா?

போன வாரம் 'அமெரிக்கன் சைக்கோ' படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது, "அட, இவன் யாரையுமே கொல்லலை, எல்லாம் மண்டைக்குள்ள ஓடினதுதான்" என்று முடிவுகட்டி நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். இப்போது அந்த நிம்மதிதான் உறுத்துகிறது. ஏன் என்று எழுதிவைக்கிறேன். (கதை முழுக்க வெளியே வந்துவிடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.)

பிரெட் ஈஸ்டன் எல்லிஸின் 1991 நாவலை வைத்து மேரி ஹாரன் இயக்கி 2000-ல் வந்த படம். களம் 1980-களின் கடைசி, நியூயார்க், வால் ஸ்ட்ரீட். கதாநாயகன் பேட்ரிக் பேட்மன் (பேட்மேன் இல்லை, நடித்த கிறிஸ்டியன் பேல் 2005-ல் அதுவாகவும் ஆனார், அது வேறு கதை). வயது 27, நிதி நிறுவனத்தில் துணைத் தலைவர். பகலில் எந்த ஓட்டலில் டேபிள் கிடைக்கும் என்று கவலைப்படுவான். இரவில் கொலை செய்வான். அப்படித்தான் நமக்குக் காட்டுகிறார்கள்.

"எல்லாம் கற்பனை" என்பவர்கள் நாலு விஷயங்களைச் சொல்வார்கள். ஒன்று, ஏடிஎம் மெஷின் அவனிடம் பூனையைத் தீனியாகக் கேட்கிறது. இரண்டு, கைத்துப்பாக்கியால் சுட்டதும் போலீஸ் கார்கள் வெடித்துச் சிதறுகின்றன. அவனே துப்பாக்கியை ஆச்சரியமாகப் பார்க்கிறான். மூன்று, பிணங்களை ஒளித்து வைத்த பால் ஆலனின் ஃப்ளாட்டுக்குப் போனால், வீடு பளிச்சென்று வெள்ளையடித்து விற்பனைக்கு நிற்கிறது. நாலு, வக்கீலின் போன் மெஷினில் எல்லாக் கொலையையும் ஒப்புக்கொள்கிறான். மறுநாள் வக்கீல், "பால் ஆலனோடு பத்து நாள் முன்னாடிதானே லண்டனில் சாப்பிட்டேன்" என்கிறார்.

முதல் இரண்டும் அவன் மூளை பிசகியதன் அடையாளம்தான், சந்தேகமில்லை. ஆனால் கடைசி ஒரு ராத்திரி பிசகியது என்பதால் அதற்கு முந்தைய எல்லாமே பொய் ஆகிவிடுமா? மூன்றையும் நாலையும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வக்கீல் சாட்சியிலேயே ஓட்டை இருக்கிறது. எதிரில் நிற்கிற பேட்ரிக்கையே அவர் வேறு ஒருவன் என்று நினைத்துத்தான் பேசுகிறார். சொந்தக் கட்சிக்காரனையே அடையாளம் தெரியாதவர் லண்டனில் பார்த்தது பால் ஆலனைத்தானா? இதற்கு முன்பே டிடெக்டிவ் (வில்லம் டஃபோ) பேட்ரிக்கிடம் ஒரு தகவல் சொல்லியிருப்பார்: லண்டனில் பால் ஆலனைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார், விசாரித்தால் அவர் பார்த்தது வேறு ஆள். படம் இந்தக் குழப்பத்தை நம் காதில் ஏற்கெனவே போட்டுவிட்டது. நாம்தான் மறந்துவிடுகிறோம்.

இந்த ஆள் மாறாட்டம் படம் முழுக்க ஓடுகிறது. பால் ஆலன் பேட்ரிக்கை மார்கஸ் என்று நினைத்துத்தான் சாப்பிட வருகிறான். அந்தப் பிரபலமான விசிட்டிங் கார்டு காட்சியில் எல்லோரும் துணைத் தலைவர்கள், ஒரே மாதிரி வெள்ளை அட்டை. கடைசியில் கொலை நடந்த ராத்திரிக்கு பேட்ரிக்குக்கு சாட்சியும் இப்படித்தான் கிடைக்கிறது: அவன் அன்று கிளப்பில் தங்களோடு இருந்ததாக நண்பர்கள் சொல்லிவிட்டார்களாம்!

இப்போது ஃப்ளாட். அங்கே இருக்கிற புரோக்கர் பெண்மணி, "பேப்பரில் விளம்பரம் பார்த்துட்டு வந்தீங்களா?" என்று கேட்கிறார். ஆமாம் என்கிறான். அப்படி விளம்பரமே கொடுக்கவில்லை என்று சொல்லி, பிரச்சினை பண்ணாமல் போய்விடு, திரும்ப வராதே என்கிறார். ஒன்றுமே நடக்காத வீட்டில் இப்படி ஏன் பேச வேண்டும்? அந்த வீட்டின் விலையை நினைத்து யாரோ சத்தமில்லாமல் கழுவிவிட்டார்கள் என்றும் கொள்ளலாம். படம் உறுதியாகச் சொல்லவில்லை.

சந்தேகம் இருக்கட்டும் என்பதுதான் ஹாரனின் எண்ணமும். டஃபோவின் காட்சிகளை மூன்று விதமாக எடுத்தாராம்: இவன்தான் கொலையாளி என்று தெரிந்த மாதிரி, தெரியாத மாதிரி, சந்தேகப்படுகிற மாதிரி. மூன்றையும் கலந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். ஆனால் எல்லாமே கனவு என்று நினைத்து ஜனங்கள் வெளியே வருவது தன் தோல்வி என்றும் பிறகு பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு உறைத்தது இதுதான். டிடெக்டிவ் தேடுவது பால் ஆலன் ஒருவனை மட்டும். தெருவில் படுத்திருந்த ஏழை மனிதரை யாரும் தேடவில்லை. பேட்ரிக் ரோட்டிலிருந்து கூட்டி வருகிற பெண்ணின் உண்மைப் பெயர்கூட நமக்குத் தெரியாது. 'கிறிஸ்டி' என்பது அவன் வைத்த பெயர். அவள் ரத்தத்தோடு அந்தக் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டி அலறுகிறாள். ஒரு கதவும் திறப்பதில்லை. "பாத்தியா, கதவு திறக்கலை, அதனால இது கனவு" என்று முன்பு நானே வாதாடியிருக்கிறேன். அவ்வளவு அலறியும் கதவு திறக்காத ஊர் நிஜத்தில் இருக்கவே முடியாதா என்ன?

பிணப்பையை இழுத்துக்கொண்டு போகிற காட்சியையும் பாருங்கள். தரையில் ரத்தக் கோடு. வாட்ச்மேன் உட்கார்ந்தே இருக்கிறார். வாசலில் எதிர்ப்படுகிற நண்பன் கேட்பது, "இந்தப் பை எங்கே வாங்கினே?" பேட்ரிக் பிராண்ட் பெயரைச் சொல்லிவிட்டு டாக்ஸி ஏறுகிறான்.

எல்லாம் கற்பனை என்று சொல்லிவிட்டால் கிறிஸ்டியும் இல்லை, அந்த ஏழை மனிதரும் இல்லை, தேடவேண்டிய வேலையும் இல்லை. பேட்ரிக் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டபோது வக்கீல் அதை ஜோக் என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். முதல் தடவை படம் முடிந்ததும் நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.