விசிறி மாட்ட உரிமம் வேண்டுமா?

புது தில்லி: திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியை அடுத்த ஸ்ரீவராகத்தில், பழைய வீடொன்றில் மின்விசிறி மாட்டத் தெருவில் பழக்கமான எலெக்ட்ரீஷியனை அழைப்பது விதிமீறலா? தில்லியில் வகுக்கப்பட்ட விதிகள் இதற்கு இரு விதமாக விடையளிக்கின்றன.

மின்சாரச் சட்டம் 2003-இன் கீழ் மத்திய மின்சார ஆணையம் 2023-இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளின்படி, வயரிங் பணிகள் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமே நடைபெற வேண்டும். ஆனால், பழைய விசிறியைக் கழற்றி, மின்பளு மாறாமல் அதே இடத்தில் வேறொன்றை மாட்டுவதற்கு விலக்கு உண்டு. 1956-ஆம் ஆண்டு விதிகளிலேயே இடம்பெற்ற சலுகை இது. கூடத்தில் புதிய விசிறிக்கென வயர் இழுத்தால் இது பொருந்தாது.

சலுகை நியாயமானதே, ஒரு விசிறிக்காக ஒப்பந்ததாரரைத் தேடி யார் அலைவது? எனினும், ஏணியில் ஏறுபவருக்கு ஆபத்து குறைந்துவிடவில்லை. ஸ்விட்ச், பேஸ் கம்பிக்குப் பதிலாக நியூட்ரலில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் விசிறியில் மின்சாரம் இருக்கும். பல கைகள் மாறி வயரிங் செய்யப்பட்ட பழைய வீடுகளில் இது வெளியே தெரியாது. மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பின்னரே கை வைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். பிரிட்ஜ் நின்றுவிடும் என்று அதையும் தடுக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு.