உஷார்! தேடினால் வருகிறது என்று நம்பிப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

உங்கள் நூலகத்தில் பழைய புத்தகங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியாயிற்றா? தலைப்பை அடித்தால் பட்டியல் வந்து விழுகிறதா? அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டீர்களா?

எழுந்திருங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் புத்தகம் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை!

எனக்குத் தெரிந்த கல்லூரி நூலகர் ஒருவர். ஊர், பேர் வேண்டாம். பாவம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். செல்லரித்த புத்தகங்களை வருடக்கணக்கில் ஸ்கேன் செய்து டிஸ்பேஸ் மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு கோடை விடுமுறையில் சர்வர் படுத்துவிட்டது. "பேக்கப் இருக்கு மேடம், கவலைப்படாதீங்க" என்றார் பராமரிப்புக்காரர். இரண்டே நாளில் எல்லாம் திரும்பியது. இவரும் நாலைந்து தலைப்புகளைத் தேடிப் பார்த்தார். டக் டக்கென்று வந்தன. நிம்மதி.

பிறகு இட நெருக்கடி. "அதான் எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று மேலிடம் சொன்னது. தாள் பிரதிகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின.

எட்டு மாதம் கழித்து ஓர் ஆய்வு மாணவி வந்து நின்றாள். "மேடம், ஃபைல் ஓப்பனே ஆக மாட்டேங்குது." அடுத்ததைத் திறந்தார்கள். அதுவும் இல்லை. அதற்கடுத்தது? அதுவும்தான்!

என்ன நடந்தது தெரியுமா? டிஸ்பேஸில் சரக்கு ஒரே இடத்தில் இருக்காது. தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கும். ஸ்கேன் கோப்புகள் அசெட்ஸ்டோர் என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். தேடுவதற்கான அட்டவணையை சோலர் என்ற மென்பொருள் வைத்திருக்கும். அந்தப் புண்ணியவான் பேக்கப் எடுத்தது தரவுத்தளத்தை மட்டும்! அதிலிருந்து அட்டவணையை மறுபடி கட்டியதும் தலைப்புகள் அத்தனையும் உயிரோடு வந்துவிட்டன. கோப்புகள் வரவில்லை. நாலைந்து தலைப்பைத் தேடிய அவர், ஒன்றையாவது திறந்து பார்த்திருந்தால்...

கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான் இது. யார் எவ்வளவு எழுதினார் என்று நோட்டு சொல்லும். பெட்டியில் பணம் இருக்கிறதா என்று சொல்லாது.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தமிழ் நூலகங்களுக்கு இது இன்னும் மோசம்.

தேடி வரவில்லை என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை!

'கொ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 'ஒ'கரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெஷினுக்கு வேறு வேறு! அட்டவணை கட்டும்போது இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோட் நார்மலைசேஷன் போடாவிட்டால் ஒன்றைத் தேடும்போது மற்றொன்று வராது. போட்டாலும் தீராத கேஸ் ஒன்று இருக்கிறது. ஔவையாரை 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தாக அடித்து வைத்திருப்பார்கள். பாட்டி உள்ளேயே இருப்பாள், கூப்பிட்டால் வரமாட்டாள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆய்வேடுகளும் அப்படித்தான். திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. யூனிகோடில் என்ன அடித்துத் தேடினாலும் கிடைக்காது. நாம் என்ன செய்கிறோம்? "இல்லைம்மா" என்று சொல்லி வாசகரைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இனி ஆபத்து அறிகுறிகள். ஒன்று இருந்தாலும் பதறுங்கள், தப்பில்லை.

"பேக்கப் இருக்கு" என்கிறார்கள், ஆனால் அதிலிருந்து ஒருமுறைகூட மீட்டுப் பார்த்ததில்லை. இதுதான் முதல் மணி!

செக்சம் என்ற பேச்சையே நீங்கள் கேட்டதில்லை. செக்சம் என்பது கோப்பின் கைரேகை. ஒரு பிட் மாறினாலும் ரேகை மாறிவிடும். டிஸ்பேஸிலேயே அதைச் சரிபார்க்கும் கருவி இருக்கிறது. ஆனால் யாராவது அதை வேளாவேளைக்கு ஓடவிட வேண்டும். தானாக ஓடாது!

ஆர்க்கிவ்மேட்டிகா என்ற டிஜிட்டல் பாதுகாப்பு மென்பொருள் வைத்திருக்கிறீர்களா? சேமித்த பெட்டகத்தை நீக்கச் சொல்லி ஒருவர் கேட்டால், ஸ்டோரேஜ் நிர்வாகி ஒப்புதல் தர வேண்டும். நல்ல பூட்டுதான். கேட்பவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருந்தால்? சாவி பூட்டிலேயே தொங்குகிறது!

புதிதாக ஏற்றியவை தேடலில் வரவில்லை. டிஸ்க்கைப் பாருங்கள். 95 சதவீதம் நிரம்பினால், சோலர் போன்ற இன்னொரு தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் தன் அட்டவணையைப் பூட்டிக்கொள்ளும். படிக்க விடும், எழுத விடாது. வழக்கமான அமைப்பே இதுதான்.

அந்த எலாஸ்டிக்சர்ச் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடக்கிறது. 2020 ஜூலையில் 'மியாவ்' என்ற தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்தது. பணமும் கேட்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. 'மியாவ்' என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"நம்ம சின்ன நூலகத்தை யார் சீண்டப் போறாங்க?" என்று நினைக்காதீர்கள். அந்த மியாவ் ஆள் பார்த்து வரவில்லை. பெரிய இடமும் தப்பவில்லை. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தை 2023 அக்டோபரில் ரான்சம்வேர் கும்பல் தாக்கியது. பிரதான நூற்பட்டியல் 2024 ஜனவரி நடுவில்தான் திரும்பியது. அவர்களிடம் டிஜிட்டல் சேகரிப்பின் பத்திரமான பிரதிகள் இருந்தன. அவற்றை ஏற்றி ஓட்ட உருப்படியான சர்வர் அமைப்பு இல்லை! பேக்கப்பை எங்கே ஏற்றுவீர்கள் என்று இன்றே உங்கள் ஆளிடம் கேளுங்கள். முழித்தால் விடாதீர்கள்.

இன்னொரு வேலையையும் இன்றே செய்யுங்கள். பத்து தலைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். தேடினால் மட்டும் போதாது. திறந்து பாருங்கள். முகப்போடு நிற்காமல் நாற்பதாம் பக்கத்துக்குப் போங்கள், கடைசிப் பக்கத்துக்கும் போங்கள். ஒன்று திறக்காவிட்டாலும், பழைய பேப்பர்காரரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.