பாறையை நம்பிப் பிழைக்கும் கடைகள்

நான்கு நாள் கடையைப் பூட்டினால் வாடிக்கை கலைந்துவிடும் என்று அஞ்சும் நாமும் ஒருமுறை துணிந்து கிளம்பினோம். தாய்லாந்தின் புக்கெட் தீவில் படகேறி, பாங்ஙா வளைகுடாவில் தீவு தீவாகச் சுற்றினோம். வழியெங்கும் கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக் குன்றுகள். அவற்றுள் பேர்பெற்றது கோ தாப்பு. 'தாப்பு' என்றால் ஆணி. சுமார் 20 மீட்டர் உயரம். தலை பருத்து, நீர்மட்டத்தில் ஏறக்குறைய பாதியாக மெலிந்து நிற்கிறது. 1974-ல் வெளியான ஜேம்ஸ் பாண்டு படத்தில் இடம்பெற்ற பிறகே கூட்டம் பெருகியது.

கிட்டே போக ஆசைப்பட்டு, கூடுதல் பணம் தருவதாகச் சொன்னோம். படகுக்காரர் அசையவில்லை. பாறையின் அடி மேலும் அரிக்கப்படாமலிருக்க, 1998 முதல் படகுகள் நெருங்கத் தடையாம். எதிர்க்கரையில் இறங்கித்தான் பார்த்தோம். அங்கே சிப்பிப் பொருள், முத்துமாலை, குளிர்பானம் என்று வரிசையாகக் கடைகள். பாறை சாய்ந்துவிட்டால் அந்தக் கரையில் யார் இறங்குவார்கள்? நம்மவர் ஒருவர் அங்கேயும் பேரம் பேசிப் பாதி விலைக்கு மாலை வாங்கியது தனிக்கதை!

மதியம் கோ பன்யீ. ஜாவாவிலிருந்து வந்த முஸ்லிம் மீனவர்கள் அமைத்த ஊர். வீடும் கடையும் பள்ளிக்கூடமும் கடலில் ஊன்றிய கால்களின் மேல் நிற்கின்றன. அரிசி மூட்டையிலிருந்து உப்புப் பொட்டலம் வரை படகில்தான் வந்தாக வேண்டும். ஒரு மளிகைக் கடையில் நின்றோம். பலகை இடுக்கில் கீழே தண்ணீர் தெரிந்தது. ஈரம் ஏறாதபடி சரக்கை உயரத்தில் அடுக்கியிருந்தார் கடைக்கார அம்மாள்.

போக விரும்புவோர் நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் போகலாம்; மற்ற மாதங்களில் மழை.