வீட்டுத் தரையும் விரிப்பும்



வீட்டுக்கு யாராவது வந்தால், "வாங்க, உட்காருங்க" என்கிறோம். நாற்காலி இருந்தாலும் பல வீடுகளில் பாயை விரித்துத் தரையில்தான் உட்காருகிறோம். குழந்தை தவழ்வது தரையில். பிள்ளைகள் பாடம் எழுதுவதும், தாய்மார்கள் காய் நறுக்குவதும், இரவில் குடும்பமே படுத்து உறங்குவதும் தரையில். தீபாவளிக்குத் தீபாவளி சுவருக்குச் சாயம் அடிப்பதைப் பற்றிப் பேசுகிறோம். நாள் முழுவதும் நம்மைத் தாங்கும் தரையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆகவே இன்று தரையையும், அதன்மேல் விரிக்கும் பாய், ரப்பர் பாய், கம்பளம் ஆகியவற்றையும் எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பேணுவது என்று பார்ப்போம்.

தரை என்பது அழகுக்காக மட்டும் அன்று. உடல்நலம் அதில் அடங்கியிருக்கிறது. மண் தரைக்குச் சாணம் மெழுகும் வழக்கத்தை நம் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்தார்கள். சாணம் புழுதியை அடக்கும் என்பது உண்மையே. ஆனால் அசுத்தமான ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் வாழ்கின்றன. அவை வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் போய், குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சுகின்றன. அந்தக் காலத்துத் தோட்டங்களில் எத்தனையோ பேர் உடம்பு வெளுத்து, மூச்சு வாங்கி, வேலைக்குப் போக முடியாமல் படுத்ததற்கு இந்தப் புழுவும் ஒரு காரணம். சாணத்தில் இரணஜன்னிக் கிருமியும் இருக்கக்கூடும். பச்சைக் குழந்தையின் தொப்புளில் அது பட்டால் உயிருக்கே ஆபத்து.

மெக்சிகோ நாட்டின் கொவாவிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டில் ஏழைகளின் மண் தரையைச் சிமெண்டுத் தரையாக மாற்றிக் கொடுக்க அரசாங்கமே முன்வந்தது. பின்னர் ஆராய்ந்து பார்த்தவர்கள், அந்த வீடுகளின் சிறு பிள்ளைகளிடம் குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையும் குறைந்திருந்ததைக் கண்டார்கள். கழுவித் துடைக்கக்கூடிய ஒரு தரை எவ்வளவு பெரிய மருந்து என்பதற்கு இது நல்ல சான்று.

நம்மில் பலருடைய வீட்டில் இருப்பது சிமெண்டுத் தரை. அது உறுதியானது, மலிவானது. ஆனால் வெடிப்பு விட்டால் அதில் அழுக்கும் எறும்பும் கரப்பானும் குடியேறும். வெடிப்பின் மேலேயே சிமெண்டைப் பூசினால் சில நாளில் பெயர்ந்து வந்துவிடும். முதலில் உளியால் வெடிப்பைச் சற்று அகலமாக்கி, தூசியைக் கூட்டி எடுத்து, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். பிறகு சிமெண்டு ஒரு பங்கும், கழுவிய ஆற்றுமணல் மூன்று பங்கும் சேர்த்து, தண்ணீரை அளவாக விட்டுக் குழைத்து அழுத்திப் பூச வேண்டும். தண்ணீர் அதிகமானால் பூசுவது எளிது. ஆனால் தரை பலமில்லாமல் பொடியாக உதிரும்.

பூசியபின் செய்ய வேண்டியதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். சிமெண்டு வெயிலில் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு கலந்து இறுகுகிறது. ஆகவே குறைந்தது ஏழு நாட்களுக்கு ஈரச்சாக்கைப் போட்டு மூடி, சாக்கு உலராமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். அவசரப்பட்டுக் காயவிட்ட தரையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடாக இருந்தால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் வீடுகளை நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் சொல்கிறது. அச்சட்டம் 2019இல் திருத்தப்பட்டு இன்றும் நடப்பில் உள்ளது. தரை பெயர்ந்து கிடந்தால் எழுத்து மூலம் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள்; நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ சொல்லலாம். நம் கைப்பணத்தைப் போட்டு ஓடு பதிப்பதற்கு முன், நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்பதையும், வீட்டைக் காலி செய்யும்போது அந்த ஓட்டைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எந்த விரிப்பையும் வாங்குவதற்கு முன் தரையில் ஈரம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு எளிய சோதனை உண்டு. ஓர் அடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் நன்றாக ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர் முத்து முத்தாக நின்றால், மண்ணிலிருந்து ஈரம் மேலே ஏறுகிறது என்று பொருள். மேல்புறம் மட்டும் நனைந்திருந்தால், அது காற்றிலுள்ள ஈரம். சன்னலைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்தினால் குறையும். ஈரம் ஏறும் தரையில் கம்பளமும் ரப்பர் பாயும் நிரந்தரமாகக் கிடந்தால் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். முற்றத்து வாய்க்கால் அடைத்திருந்தாலோ, கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுந்தாலோ முதலில் அதைச் சீர்படுத்துங்கள்.

இப்போது தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியேறிய நம் குடும்பங்கள் பல உள்ளன. அங்கே பெரும்பாலும் ஓட்டுத் தரைதான். கூடத்தில் பளபளப்பான ஓடு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் குளியலறையிலும் சமையற்கட்டிலும் அதே ஓட்டைப் பதித்தால், தண்ணீர் பட்டவுடன் வழுக்கும். முதியவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் மீண்டும் முன்போல எழுந்து நடப்பது பலருக்குக் கடினமாகிவிடுகிறது. ஈரமாகும் இடங்களுக்குச் சொரசொரப்பான சிறிய ஓடுகளையே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் தேங்காமல் வடிய, ஓர் அடி நீளத்திற்குக் கால் அங்குலம் வீதம் சரிவு இருக்க வேண்டும். ஓடு வாங்கும்போது கணக்கும் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை என்றால் 120 சதுர அடி. வெட்டில் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 132 சதுர அடி வாங்க வேண்டும். மிஞ்சும் ஓடுகளைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.

பலகைத் தரை உள்ள வீடுகளில் கறையான்தான் எதிரி. தூணிலோ சுவரோரத்திலோ மண் குழாய் போல ஏறியிருந்தால், கறையான் வந்துவிட்டது என்று அறியலாம். இங்கே நமக்கு நெருக்கமான மரம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமார் 25 அல்லது 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை முன்பெல்லாம் விறகாகவே எரித்தார்கள். வெட்டிய சில நாட்களில் பூஞ்சணமும் பூச்சியும் பிடித்துவிடும் மரம் அது. போரிக் மருந்தை ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்தபின், அதே மரம் நாற்காலியாகவும் தரைப்பலகையாகவும் மாறியிருக்கிறது. ஆனால் மருந்தேற்றிய பலகையும் ஈரத்தைத் தாங்காது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

அடுத்து ரப்பர் பாய். நாம் ரப்பர் பாய் என்று சொன்னாலும் அதில் ரப்பர் இல்லை. பெரும்பாலும் அது வினைல் என்ற பிளாஸ்டிக். சிலர் லினோலியம் என்றும் சொல்வார்கள். உண்மையான லினோலியம் 1860களில் இங்கிலாந்தில் பிரடெரிக் வால்டன் என்பவர் ஆளிவிதை எண்ணெயிலிருந்து செய்தது; அது வேறு. ரப்பர் பாய் மலிவு, துடைப்பதும் எளிது. வாங்கும்போது அறையை இரண்டு மூன்று இடங்களில் அளந்துகொள்ளுங்கள். பழைய வீடுகளில் சுவர்கள் நேராக இருப்பதில்லை. ஆறடி அகலச் சுருளைப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குப் போடுவதாக வைத்துக்கொள்வோம். பத்தடி நீளத்தில் இரண்டு துண்டுகள் போட்டால் 20 அடி போதும். பன்னிரண்டடி நீளவாக்கில் போட்டால் 24 அடி வேண்டும். இரண்டடி அகலம் வீணாகும். ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தாலே நாலடிக் காசு மிச்சம்.

ரப்பர் பாயின்மேல் சூடான சட்டியை வைக்காதீர்கள். மண்ணெண்ணெய், தின்னர் கொண்டு துடைக்காதீர்கள். அடியில் ரப்பர் ஒட்டிய கால்மிதியை அதன்மேல் நிரந்தரமாகப் போட்டால் மஞ்சள் கறை ஏறும். அந்தக் கறை போகவே போகாது. மாதம் ஒரு முறையாவது ஓரத்தைத் தூக்கிப் பார்த்துத் துடைத்து உலரவிட வேண்டும்.

சாதாரணப் பாயையும் நாம் மறந்துவிடக் கூடாது. இந்நாட்டு மெங்குவாங் பாயும், தமிழகத்துப் பத்தமடை போன்ற ஊர்களின் கோரைப்பாயும் நம் வெப்பத்துக்கு ஏற்றவை. உடம்பில் வியர்வை தங்காது. காலையில் உதறிச் சுருட்டி நிறுத்திவிட்டால் தரையும் சுத்தமாகும். ஈரத்தோடு சுருட்டினால் மட்டும் கறுத்துப்போகும்.

இனிக் கம்பளத்துக்கு வருவோம். குளிர் நாட்டில் கம்பளம் கால் சூட்டுக்கு உதவுகிறது. நம் நாட்டிலோ காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் கம்பள இழைகளில் பெருகுகின்றன. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றுக்கு உணவு. அவற்றின் கழிவு மூக்கில் ஏறும்போது சிலருக்குத் தும்மலும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பும் வருகின்றன. ஆகவே இழுப்பு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், அறை முழுவதும் கம்பளம் வேண்டாம். தூக்கி உதறி வெயிலில் போடக்கூடிய, துவைக்கக்கூடிய சிறு விரிப்பே போதும். துணி தாங்குமானால் 60 டிகிரிச் சூட்டு நீரில் துவைத்தால் பூச்சிகள் மடியும்.

கம்பளம் வாங்குவதானால், இழை நீளமாக இருப்பதை விட நெருக்கமாக இருப்பதையே பாருங்கள். பின்பக்கமாக மடக்கிப் பிடித்தால் அடித்துணி பல்லிளிக்கக் கூடாது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். விலையையும் சதுர அடிக் கணக்கில் ஒப்பிடுங்கள். ஐந்துக்கு எட்டு அடிக் கம்பளம் 200 வெள்ளி, ஆறுக்கு ஒன்பது அடிக் கம்பளம் 243 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். முதலாவது சதுர அடி ஐந்து வெள்ளி. இரண்டாவது நாலரை வெள்ளிதான்.

கறை பட்டால் தேய்க்காதீர்கள். உலர்ந்த துணியால் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஒற்றி எடுங்கள். குழம்பு எண்ணெய் சிந்தினால் மரவள்ளி மாவைத் தூவி, அது எண்ணெயைக் குடித்தபின் கூட்டிவிட்டுச் சோப்பு நீரால் ஒற்றுங்கள். சோப்புப் பட்டால் மஞ்சள் கறை சிவக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும். ரப்பர் பால் பட்டால் எலுமிச்சையோ வினிகரோ போடாதீர்கள். தொழிற்சாலையில் ஆசிட் ஊற்றித்தானே பாலை உறைய வைக்கிறார்கள்? அதேபோல் புளிப்புப் பட்டால் பால் இழையோடு உறைந்துவிடும். பச்சையாக இருக்கும்போதே தண்ணீரால் அலசிவிட வேண்டும்.

தரை கழுவும் மருந்துகளில் மிகுந்த கவனம் வேண்டும். குளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீரையும், கழிவறைக்குப் போடும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். உடனே குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அது உயிரைப் பறிக்கும். களைக்கொல்லி வந்த டின்னைக் கழுவி, தரை துடைக்கும் வாளியாக வைத்துக்கொள்வதும் கூடாது. மருந்து அடிக்கும் வேலைக்குப் போய் வருபவர்கள், காலணியையும் உடுப்பையும் வாசலிலேயே கழற்றி, தனியாகத் துவைக்க வேண்டும். அந்தக் காலணி பதிந்த தரையில் தவழ்ந்துவிட்டுத்தான் குழந்தை விரலை வாயில் வைக்கிறது.

கடைசியாகத் தவணை வியாபாரம். பண்டிகைக் காலத்தில் வாசலுக்கே கம்பளம் வரும். "மாதம் அறுபது வெள்ளிதான் அக்கா" என்பார்கள். பன்னிரண்டு மாதம் என்றால் 720 வெள்ளி. அதே கம்பளம் கடையில் ரொக்கத்துக்கு 500 வெள்ளி என்றால், 220 வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் காலணியும் வாங்கலாம். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாற்றப்பட்டால், 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். அதற்கும் ரசீதுதான் சாட்சி.

தாய்மார்களே, இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூடத்து ரப்பர் பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால், பாயைச் சுருட்டி வெயிலில் போட்டுவிட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். புதிய விரிப்பு வாங்கும் யோசனை அதற்குப் பிறகு இருக்கட்டும்.